விசில் பிடித்தவர்கள் – 11: இரண்டு வருஷப் பிள்ளைகள்

சென்ற இதழில் ஹாரி குரோ பக்கைப் பாரீஸில் விட்டுவிட்டு வந்தோம். 1924 ஒலிம்பிக்குக்கு இந்திய அணியின் மேலாளராகப் போனவர் கப்பலேறிச் சென்னை வந்து சேரட்டும். அதற்குள் நாம் அவர் படித்த ஸ்பிரிங்ஃபீல்டுக்கு ஒரு நடை போய்வந்துவிடலாம். நம் ஊர் பி.டி. வாத்தியாரின் பூர்வீகம் அங்கேதான். அவருடைய பங்காளிகள் இன்றைக்கும் அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளில் பேஸ்பால் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் வேறு, புல்வெளி வேறு. ஆனால் இரண்டு வீட்டிலும் பிழைப்பு ஒன்றுதான் என்பது கதையைத் தோண்டத் தோண்டத் தெரிகிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தியது. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் அங்கேதான் பழக்கூடைகளை மாடி விளிம்பில் அடித்துக் கூடைப்பந்தை ஆரம்பித்துவைத்தார். அங்கே படித்த வில்லியம் மார்கன் 1895-ல் பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வாலிபாலைக் கொண்டுவந்தார். நம் கிராமத்துப் பையன்கள் சாயங்காலம் வலை கட்டி ஆடுகிற ஆட்டம் அந்தக் குளிர் ஊரிலிருந்து வந்தது. 1892 மார்ச் 11-ஆம் தேதி அந்தப் பள்ளியில் கூடைப்பந்து முதன்முதலாகப் பொதுமக்கள் முன்னால் ஆடப்பட்டது. ஆசிரியர்களும் மாணவர்களும் மோதினார்கள். மாணவர்கள் ஐந்து, ஆசிரியர்கள் ஒன்று. அந்த ஒற்றைக் கூடையைப் போட்ட ஆசிரியர் ஏமஸ் அலோன்ஸோ ஸ்டாக். இந்த வாரத்து நாயகர் அவர்தான்.

ஸ்டாக் 1862-ல் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் பேஸ்பால் பந்து வீசிப் பெயர் வாங்கியவர். காசு தருகிறோம் வா என்று தொழில்முறை அணிகள் கூப்பிட்டும் போகவில்லை. பாதிரியாராக வேண்டும் என்றுதான் படிக்கப் போனார். மேடையேறினால் பேச்சு வரவில்லை. பிரசங்கத்துக்கு லாயக்கில்லை, மைதானத்தில் சேவை செய்யலாம் என்று ஸ்பிரிங்ஃபீல்டுக்கு வந்து சேர்ந்தார்.

யேலில் அவருக்கு ஒரு குரு இருந்தார். வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். எபிரேய மொழிப் பேராசிரியர். ராக்ஃபெல்லர் பணத்தில் சிகாகோவில் ஒரு பல்கலைக்கழகம் எழும்பியபோது ஹார்ப்பரைத் தலைவராகப் போட்டார்கள். கட்டடம் எழும்பி முடிவதற்குள் அவர் ஸ்டாக்கைக் கூப்பிட்டுப் பேசினார். 1,500 டாலர் தருகிறேன் என்றார். ஸ்டாக் பேசாமல் உட்கார்ந்திருந்தார். 2,000 என்றார், உதவிப் பேராசிரியர் பதவியும் என்றார். இதற்கும் பதில் இல்லை. 2,500 டாலர், இணைப் பேராசிரியர், ஆயுள் முழுக்க நிரந்தர உத்தியோகம் என்று ஏற்றினார். கறாராகப் பேரம் பேசுகிறான் பையன் என்று ஹார்ப்பர் நினைத்திருக்கலாம். ஸ்டாக் பேரம் பேசவே இல்லையாம். முதல் வார்த்தையிலேயே மலைத்துப்போய் வாயடைத்திருந்தார் என்பதுதான் வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

1890-ல் நடந்த இந்தச் சம்பவத்தை விளையாட்டுச் சரித்திரக்காரர்கள் சிரிப்புக்காகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது ஒரு பெரிய திருப்பமாகப் படுகிறது. அதுவரை கல்லூரிகளில் கோச் என்றால் பருவத்துக்கு வந்து போகிற ஆள். போன வருஷத்துக் கேப்டன் இந்த வருஷம் இளையவர்களுக்கு நாலு வித்தை காட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். பேராசிரியர்களின் சம்பளப் பட்டியலில், நிரந்தரமாக, இலாகா ஒன்றின் தலைவராக ஒரு கோச் உட்கார்ந்தது சிகாகோவில்தான். ஸ்டாக் 41 பருவங்கள் கால்பந்து அணியை, அதாவது அமெரிக்கர்கள் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அந்தக் கால்பந்து அணியை, நடத்தினார். 1893 தொடங்கிச் சுமார் இருபது வருஷம் பேஸ்பால் அணியும் அவர் கையில்தான் இருந்தது.

ஹார்ப்பர் செய்த இன்னொரு காரியமும் நமக்கு வேண்டும். கல்லூரிப் படிப்பின் முதல் இரண்டு வருஷம் பல்கலைக்கழகத்துக்குச் சுமை, அதை ஊரூராகச் சின்னக் கல்லூரிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி. சிகாகோவுக்குப் பக்கத்தில் ஜோலியட் என்ற ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஸ்டான்லி பிரவுன் அதைக் கேட்டுக்கொண்டார். 1901-ல் ஆறு மாணவர்களோடு ஜோலியட் ஜூனியர் கல்லூரி ஆரம்பமானது. இன்றைய அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளுக்கெல்லாம் மூத்தது அது. கோச்சுக்கு நாற்காலி போட்டுக்கொடுத்தவரும் இரண்டு வருஷக் கல்லூரிக்கு வித்திட்டவரும் ஒரே ஆள்! இரண்டும் ஒன்று சேர்ந்தால் எப்படிப்பட்ட வேலை பிறக்கும் என்று ஹார்ப்பர் யோசித்திருக்கமாட்டார். 1906-லேயே காலமாகிவிட்டார்.

பிறந்த வேலை இதுதான். பதினெட்டு வயதில் ஒரு பையன் வருகிறான். பெரிய பல்கலைக்கழகம் அவனை வேண்டாம் என்றிருக்கும். மார்க் போதாது, உயரம் போதாது, வீட்டில் காசு போதாது. கோச் அவன் தோளைப் பார்க்கிறார், பந்தை விடும் கையின் கோணத்தைத் திருத்துகிறார், கணக்குப் பாடத்தில் தேறவைக்கிறார். இரண்டாவது வருஷம் பையன் நன்றாக ஆடத் தொடங்கும்போது பெரிய பல்கலைக்கழகத்தார் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். தப்பித்தால் தொழில்முறை அணி. கோச் மறுபடி முதலிலிருந்து. அணி என்று நிலையாக ஒன்று அவருக்குக் கிடையாது. இதற்கு நடுவே புல் வெட்டுவது, வேன் ஓட்டுவது, உடற்கல்வி வகுப்பு எடுப்பது, ஊர்க் கடைகளில் நன்கொடை கேட்பது எல்லாம் பல கல்லூரிகளில் அவர் தலையில்தான்.

இந்தக் கல்லூரிகளை விளையாட்டுச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளவே பெரிய கல்லூரிகளுக்கு மனமில்லை. கலிஃபோர்னியாவின் 13 ஜூனியர் கல்லூரிகள் 1938-ல் ஃபிரெஸ்னோவில் கூடித் தங்களுக்கென்று தனிச் சங்கம் ஆரம்பித்துக்கொண்டன. அந்தச் சங்கத்தின் பேஸ்பால் இறுதிச் சுற்று 1959-லிருந்து கொலராடோ மாநிலத்து கிராண்ட் ஜங்ஷனில் நடக்கிறது. மலையடிவாரத்துச் சின்ன ஊர். அந்த வாரம் ஊரே மைதானத்தில் கிடக்கும்.

வேய்ன் கிரஹாமின் வாழ்க்கையை இந்த உத்தியோகத்துக்கு உதாரணமாகச் சொல்லலாம். டெக்ஸாஸ்காரர். மேஜர் லீக்கில் 1963-ல் ஃபிலடெல்ஃபியாவுக்கும் 1964-ல் நியூயார்க் மெட்ஸுக்கும் ஆடினார். ஆடினார் என்பதே கொஞ்சம் அதிகம். இரண்டு வருஷமும் சேர்த்து 30 ஆட்டம், 55 முறை மட்டை பிடித்து 7 முறை அடித்தார். நம் கிரிக்கெட்டில் இந்தக் கணக்கோடு ஒருவர் ரிடையரானால் தேர்வுக்குழுவைத்தான் திட்டுவார்கள். பிறகு ஹூஸ்டன் பக்கம் உயர்நிலைப் பள்ளிகளில் பல வருஷம் வாத்தியார் வேலை. 1981-ல் சான் ஜசின்டோ என்ற சமுதாயக் கல்லூரியில் சேரும்போது வயது நாற்பத்தைந்தை நெருங்கிவிட்டது. 1985, 86, 87, 89, 90 என்று ஐந்து முறை தேசியப் பட்டம். ராஜர் கிளெமென்ஸ் அவரிடம் 1981-ல் ஒரே ஒரு பருவம் இருந்தார். பின்னாளில் மேஜர் லீக்கில் 354 வெற்றி பெற்ற பந்து வீச்சாளர். யாங்கீஸின் ஆண்டி பெட்டிட்டும் அந்தக் கல்லூரிப் பையன்தான். இத்தனைக்கும் பிறகு ரைஸ் பல்கலைக்கழகம் கிரஹாமை அழைத்தபோது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. 2003-ல் ரைஸை நாட்டின் கல்லூரிச் சாம்பியன் ஆக்கினார். 82 வயதில், 2018-ல் விசிலைக் கழற்றினார். 2024-ல் மறைந்தார்.

கிரஹாம் மேலே போனார். மற்றவர்கள் போவதில்லை என்பதுதான் வழக்கம். ஆல்பர்ட் புஹோல்ஸ் 703 ஹோம் ரன் அடித்தார் என்று உலகத்துக்கே தெரியும். கான்சாஸ் சிட்டி பக்கத்து மேப்பிள் வுட்ஸ் சமுதாயக் கல்லூரியில் 1999-ல் அவருக்கு ஒரு பருவம் பாடம் சொன்னவர் யார் என்று பேஸ்பால் பைத்தியங்களைக் கேட்டாலும் பலர் முழிப்பார்கள்.

ஸ்டாக் என்ன ஆனார்? எழுபது வயதானால் ஓய்வு என்ற விதியைக் காட்டி 1932 பருவத்தோடு சிகாகோ அவரை அனுப்பிவிட்டது. ஆயுள் முழுக்க என்று ஹார்ப்பர் கொடுத்த வாக்கு ஹார்ப்பரோடு போயிற்று. வேறு ஏதாவது கௌரவப் பதவி தருகிறோம் என்றார்கள். கோச் வேலை இல்லாவிட்டால் வேண்டாம் என்று கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரத்துக்கு ரயிலேறிவிட்டார். அங்கே பசிஃபிக் கல்லூரியில் 1946 வரை. 81 வயதில், 1943-க்கான சிறந்த கோச் என்று சக கோச்சுகளே தேர்ந்தெடுத்தார்கள். பிறகு பென்சில்வேனியாவில் மகனுக்கு உதவியாகச் சில வருஷம். கடைசியில் மறுபடி ஸ்டாக்டன்; இந்தத் தடவை ஊரிலிருந்த ஜூனியர் கல்லூரியில். பையன்களுக்குப் பந்தை உதைக்கச் சொல்லிக்கொடுக்கும் உதவிப் பயிற்சியாளர். பேராசிரியராகத் தொடங்கியவர் இரண்டு வருஷக் கல்லூரியின் உதவியாளராக முடித்துக்கொண்டபோது வயது 96. 102 வயதில், 1965-ல் காலமானார்.

பக் இதற்குள் சென்னை வந்திருப்பார்.

1920-ல் அவர் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிப் பள்ளியை ஆரம்பித்தபோது சேர்ந்தவர்கள் ஐந்து பேர் என்று முன்பே எழுதியிருக்கிறேன். ஜோலியட்டைவிட ஒருவர் குறைவு. அப்போது நம் பள்ளிகளில் இருந்தவர் டிரில் மாஸ்டர். பட்டாளத்திலிருந்து பென்ஷன் வாங்கி வந்த சிப்பாய் பெரும்பாலும். மீசை, பிரம்பு, லெஃப்ட் ரைட். மற்ற வாத்தியார்கள் அவரை ஆசிரியர் அறையில் சமமாக உட்காரவைக்கமாட்டார்கள். பக்குக்கு இது பிடிக்கவில்லை. உடம்பின் அமைப்பு தெரிந்தவன், குழந்தையின் மனசு தெரிந்தவன், படித்துப் பட்டம் வாங்கியவன்தான் மைதானத்தில் நிற்க வேண்டும் என்றார். சிகாகோவில் ஹார்ப்பர் ஒரே ஆளுக்குச் செய்ததைப் பக் ஒரு மாகாணத்துக்கே செய்ய நினைத்தார் என்று சொல்லலாம். மாகாண அரசுக்கு உடற்கல்வி ஆலோசகராகவும் இருந்தார். 1932-ல் கல்லூரி சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைக்குக் குடிபோனது. இப்போது அந்த இடத்தை நந்தனம் என்கிறோம். 1943-ல் சென்னையிலேயே பக் கண்ணை மூடினார்.

அவரிடம் படித்துப் போனவர்கள் இந்தியா முழுக்க விசிலோடு பரவினார்கள். பி.எம். ஜோசப் என்ற மலையாளி பம்பாய் காந்திவிலியில் உடற்கல்விப் பயிற்சி நிலையத்தின் முதல்வராக இருந்தார். 1957-ல் குவாலியரில் மத்திய அரசு லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரியைத் திறந்தபோது அதற்கும் முதல் முதல்வர் அவரே. பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிலையம் 1961-ல்தான் வந்தது. அங்கே தயாரானவர்கள் ஒரே ஆட்டத்துக்கான கோச்சுகள். பக் வழிக்காரர்கள் வேறு. அவர்களுக்குப் பள்ளியில் இருக்கிற எல்லாப் பிள்ளையும் கணக்கு. நொண்டுகிற பையனும், ஓட வெட்கப்படுகிற பெண்ணும் உட்பட. ஒருவனைத் தேர்ந்தெடுத்து உயர்த்துவது இரண்டாவது வேலை. இந்த வித்தியாசத்தை நம் விளையாட்டு நிர்வாகம் இன்றுவரை விளங்கிக்கொள்ளவில்லை என்பது என் கட்சி.

கதை இப்போது எங்கள் ஊர்ப்பக்கம் வருகிறது.

பள்ளிப்பட்டு 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி, எல்லை நடுவர் படாஸ்கரின் பரிந்துரையின்படி திருத்தணியோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்தோம். இன்றும் மைதானத்தில் பையன்கள் பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும்தான் சண்டை போடுவார்கள். பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகள், நகரியிலிருந்து பெண் எடுத்த வீட்டுப் பிள்ளைகள். பேஸ்பால் இங்கே எவரும் ஆடுவதில்லை. வாலிபால், கபடி, ஓட்டம்.

இந்த வட்டத்து அரசுப் பள்ளி ஒன்றின் மைதானத்தில் ஜூலை மாதத்துக் காலையைப் பாருங்கள். குறுவட்டப் போட்டி வருகிறது. பி.டி. சார் டப்பாவில் சுண்ணாம்புத் தூளைப் போட்டுக் குனிந்தபடி கோடு இழுத்துக்கொண்டு போகிறார். நானூறு மீட்டர் ஓடுபாதை மைதானத்துக்குள் அடங்காது, இருநூறுதான். அதிலும் ஒரு வளைவு வேப்பமரத்தைச் சுற்றிப் போகும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி வெறுங்காலோடு மூன்றாவது சுற்றில் இருக்கிறாள். "முழங்கைய உள்ள வைம்மா!" என்று கத்திவிட்டு, பிரேயருக்கு மணி அடித்ததும் சுண்ணாம்புக் கையோடு ஓடுகிறார். வரிசை நிறுத்த, தலைமுடி பார்க்க, லேட்டாய் வந்தவனை ஓரங்கட்ட. பத்தாம் வகுப்புக்குப் பி.டி. பீரியட் என்று கால அட்டவணையில் இருக்கும்; அதைக் கணக்கு வாத்தியார் ஆகஸ்டிலேயே கேட்டு வாங்கிவிடுவார். நோட்டுப் புத்தகம் வந்தால் எண்ண, பஸ் பாஸுக்குப் படம் ஒட்ட, சைக்கிள் வந்தால் இறக்கிவைக்க, எல்லாவற்றுக்கும் சாரைக் கூப்பிடு.

அந்தப் பெண் குறுவட்டத்தில் ஜெயித்தால் மாவட்டப் போட்டிக்கு. திருத்தணியில் பஸ் மாறித் திருவள்ளூர் போக வேண்டும். மாவட்டத்திலும் ஜெயித்தால் பாரதியார் தின, குடியரசு தின மாநிலப் போட்டிகள். அங்கே யார் கண்ணிலாவது பட்டுவிட்டால், விளையாட்டு ஆணையத்தின் விடுதிக்குத் தேர்வு. ஏழாம் வகுப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். விடுதியில் பால், முட்டை, சிந்தெடிக் ஓடுபாதை, பாட்டியாலாவில் டிப்ளமா வாங்கிய கோச். பள்ளிக்கூடத்துக்கு அடுத்த வருஷம் வேறு பெண். அமெரிக்கப் பையன் இரண்டு வருஷம் தங்குகிறான், இவர்கள் சில சமயம் அதுகூடத் தங்குவதில்லை.

கல்லூரிக்குப் போனால் ஆட்டம் மாறுகிறது. கல்லூரி உடற்கல்வி இயக்குநருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் சம்பள விகிதம், உதவிப் பேராசிரியருக்குச் சமம். ஸ்டாக்கின் நாற்காலி நம் நாட்டில் இங்கேதான் வந்து சேர்ந்தது. தனியார் கல்லூரிகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஃபீஸ் இல்லாமல் பிள்ளைகளைச் சேர்க்கின்றன, சாப்பாடும் ஹாஸ்டலும் சேர்த்து. அதற்கப்பால் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, காவல்துறை, வங்கி அணிகள். மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம். எங்கள் பக்கத்து அப்பா அம்மாக்களுக்கு மெடல் கனவு கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காண்ட்ராக்டில் ஷிப்ட் பார்க்கிற அண்ணனைப் பார்த்துவிட்டு, தம்பிக்காவது ரயில்வே கிடைக்கட்டும் என்றுதான் வாலிபாலுக்கு அனுப்புகிறார்கள்.

சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் நம்மிடமும் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகம் 1995-ல் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் ஒன்று தொடங்கியது. சேசு சபைத் தந்தை சேவியர் அல்போன்ஸ் அதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். படிப்பை விட்டவர்களுக்கு நர்ஸிங் உதவி, ஏ.சி. மெக்கானிக், கம்ப்யூட்டர். கைத்தொழில் கொடுக்க வந்த கல்லூரி அது. மைதானமோ அணியோ கோச்சோ அந்தத் திட்டத்தில் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. நம் நாட்டில் அமெரிக்க ஜூனியர் கல்லூரி கோச்சின் இடத்தில் இருப்பவர் அரசுப் பள்ளி பி.டி. சார்தான் என்று சொல்ல வந்தேன்.

அவர் உத்தியோகத்தின் படிகளையும் பார்த்துவிடுவோம். உடற்கல்வி ஆசிரியர், உடற்கல்வி இயக்குநர் நிலை இரண்டு, நிலை ஒன்று, கடைசியில் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர். எத்தனை பிள்ளையை மாநில அளவுக்கு அனுப்பினாலும் படி ஏறுவது சீனியாரிட்டியில். தோற்றுக்கொண்டே இருந்தாலும் யாரும் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். அமெரிக்கப் பங்காளிக்கு இரண்டு மோசமான பருவம் போதும், ஒப்பந்தம் போய்விடும். எது மேல் என்று கேட்டால், நிரந்தர உத்தியோகத்தின் பக்கம்தான் நான். ஜெயித்தே ஆகவேண்டிய கோச் நொண்டுகிற பையனைத் திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஆனால் அந்த நிரந்தரமும் எல்லோருக்கும் இல்லை. 2012-ல் தமிழ்நாடு அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களைப் பள்ளிகளில் போட்டது. உடற்கல்வி, ஓவியம், கம்ப்யூட்டர், தையல், இசை. வாரத்தில் மூன்று அரைநாள். மாதம் 5,000 ரூபாய். அதுவே 2021-ல் 10,000 ஆனது. நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்காராத வருஷம் அபூர்வம். பக் அகற்ற நினைத்த பழைய டிரில் மாஸ்டருக்காவது பட்டாளத்துப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது.

பட்டம், விருது என்று பார்த்தாலும் கணக்கு இதுதான். துரோணாச்சாரியார் விருது 1985-ல் ஆரம்பமானபோது வாங்கியவர்களில் ஒருவர் ஓ.எம். நம்பியார், பி.டி. உஷாவின் குரு. விமானப்படையிலிருந்து வந்து கேரள விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தவருக்கு, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் கிடைத்த சிஷ்யை பல வருஷம் விட்டுப் போகவில்லை. அப்படி வாய்ப்பது அபூர்வம். விருது பார்ப்பது சர்வதேசப் பதக்கத்தை; பதக்கம் வரும் நாளில் பிள்ளை வேறு கோச்சிடம் இருக்கும். லக்னோ விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்த ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008-ல் ஒரு டி.வி. போட்டியில் ஜெயித்து அமெரிக்கா போய் பிட்ஸ்பர்க் பேஸ்பால் அணியில் ஒப்பந்தமானார்களே, அதை டிஸ்னி படமாக எடுத்தது, ஏ.ஆர். ரகுமான் இசை. கதை முழுக்க அமெரிக்க ஏஜெண்ட்டைச் சுற்றி. அந்தப் பையன்களின் தோளை அதுவரை தயார் செய்தது லக்னோவின் ஈட்டி.

சுண்ணாம்புக் கோட்டில் ஓடிய பெண் ஒருநாள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது விளையாட்டுப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். போட்டியின் பெயர், தேதி, இடம், பெற்ற இடம், சங்கச் செயலாளரின் கையெழுத்து, முத்திரை. முதலில் ஓடச் சொன்னவர் யார் என்று அதில் கேட்பதில்லை.

அடுத்த இதழில்: பெண்கள் பள்ளிகளில் விசில் பிடித்த முதல் தலைமுறை உடற்கல்வி ஆசிரியைகள்.

(தொடரும்)